பயன்பாடு யாது

பதினெட்டு கிராம்.
நெல்லிக்காய் அளவில் மோட்டார் இரண்டு.
செக் நாட்டுக் கடைக்காரர்
வைகாசி பதினாலில் அனுப்பினார்.
கூட ஒரு மிட்டாயும் வைத்திருப்பதாக
எழுதியிருந்தார்.

பிராகிலிருந்து ஃப்ராங்க்பர்ட் ஒரு நாள்.
அங்கிருந்து டெல்லி ஒன்றரை நாள்.
அப்புறம் ஒரே வரி,
காலையில் பார்த்தாலும்
ராத்திரி எழுந்து பார்த்தாலும்:
சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

ஊத்துக்குளி வரை வந்துவிட்டு
வீட்டுக்கு வராத ஒறம்பரை மேல் வருமே
அந்தக் கோபம்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
திருப்பூரில் ஏற்றுமதி டாக்குமெண்டேஷன்,
பதினோரு வருஷம்.
பனியனுக்கு எட்டு இலக்கம், ஜட்டிக்கு எட்டு இலக்கம்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நான் தட்டும் காகிதத்துக்குத் தூத்துக்குடியில்
நாற்பதடிக் கண்டெய்னர் எழுந்து நடக்கும்.
ஹாம்பர்க்கில் குளிர் தொடங்குமுன்
நாற்பதாயிரம் டீ-சர்ட் போய் இறங்கிவிடும்.

முதலாளி கேட்டார்:
"ஏனுங் அம்மிணி, கோயமுத்தூர்ல
மோட்டாருக்கா பஞ்சம்?
ஒன்றரை எச்பி ஒண்ணு சொல்லி வுடட்டா?"
கிணறு இல்லைங்க சார், என்றேன்.

ஆனி பிறந்தது.
பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகாத்து கிளம்பி
உடுமலைத் தென்னைகளையெல்லாம்
கிழக்கே பார்த்துத் தலைவாரிவிட்டது.
பெதப்பம்பட்டிக்கு மேற்கே எனக்கொரு கரடு உண்டு.
உச்சியில் நின்றால்
துப்பட்டா கழுத்தை விட்டுப் பறந்துவிடும்.
எஞ்சின் வேண்டாம், ப்ரொப்பெல்லர் வேண்டாம்,
வால் மட்டும் அசையத் தெரிந்தால் போதும்,
க்ளைடர் அந்தக் காற்றின் மேல்
மணிக்கணக்கில் நிற்கும்.

அது பீரோ மேல் கிடந்தது.
வால் இருந்த இடத்தில்
இரண்டு சதுர ஓட்டை.

ஆடி முதல் வாரத்தில் கடிதம்.
பெயர், ஆதார், பில் நகல்.
இது ட்ரோனா?
பயன்பாடு யாது?

செங்கோட்டுவேலு போனில் பதறினான்:
"பொம்மைன்னு மட்டும் எழுதீராதீங்க்கா,
அதுக்கொரு சர்டிபிகேட் கேப்பாங்க.
உதிரிபாகம்னா
எதுக்கு உதிரின்னு கேப்பாங்க."
அவன் பார்சல் போன வருஷம்
திரும்பி பிராகுக்கே போய்விட்டது.

வால் அசைக்க, என்று எழுதினேன். அடித்தேன்.
கல்வி, என்று எழுதினேன்.
பி.காம். படித்தவள் கை கூசியது.
காற்றில் நிற்க.
யார் நிற்க, என்பார்கள்.
ஞாயிற்றுக்கிழமை, என்று எழுதி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊரார் சரக்குக்கெல்லாம் பயன்பாடு எழுதிய கை
கடைசியில் எழுதியது:
சொந்த உபயோகம். விற்பனைக்கல்ல.

அந்த வாரம் பல்லடம் ரோட்டில்
காற்றாலை இறக்கை ஒன்று போனது.
ஒரே ஒரு இறக்கை.
அதற்கு முன்னால் இரண்டு போலீஸ் வண்டி,
பின்னால் அரை மணி நேரம் நாங்கள் எல்லோரும்.
பஸ்ஸில் யாரும்
அதன் பயன்பாட்டைக் கேட்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை
கூரியர் கார்வேந்தன்
கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தான்.
சாமான் எண்ணூற்று நாற்பது.
வரியும் கூலியும் ஆயிரத்து இருபது.
"உள்ள என்னங்க்கா, தங்கமா?"

பெட்டியை அறுத்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்,
வேறு நிற டேப்பில், பொறுமையாக.
மோட்டார் இரண்டும் இருந்தன.
மிட்டாய் இல்லை.
அதன் தாள் மட்டும்
நாலாய் மடித்து
பில்லுக்குள் செருகியிருந்தது.
ஏனோ அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.
ஸ்டிக்கைத் தொட்டதும்
கிர்ர், என்று வால் இடப்பக்கம் திரும்பியது,
கிர்ர், என்று வலப்பக்கம்.
ஜன்னலுக்கு வெளியே
முருங்கை இலை ஒன்றுகூட ஆடவில்லை.

ஒயர் மட்டும் அரை விரற்கடை குறைகிறது.
நீட்டிக்க ஒரு கனெக்டர் வேண்டும், இரண்டு கிராம்.
ஏழு முதல் பதினைந்து நாளில் வருமாம்.
மேகாத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.
இப்போது போட்டால்
சரியாக இருக்கும்.